வாக்குப் பெரும்பான்மையும் இடப் பெரும்பான்மையும்

ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டின் இறுதியில் (கி.பி. 644) கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் கத்திக்குத்துக்கு ஆளாகி மரணப் படுக்கையில் இருந்தபோது, தமக்குப் பின் பொறுப்பேற்பவரைத் தேர்ந்தெடுக்க ஆறு நபித்தோழர்களை நியமித்தார்கள். உஸ்மான், அலீ, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸஅத் இப்னு அபீ வக்காஸ், ஸுபைர், தல்ஹா (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகியோரே அவ்வறுவர். இச்செய்தியை நம் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். ஆனால் அதனுடன் தபரீ முதலிய வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ள ஒரு சிறு குறிப்பைப் பலரும் கடந்துவிடுகின்றனர். அறுவரும் மூவர் மூவராகப் பிரிந்தால் என்ன செய்வது? அப்போது தம் மகன் அப்துல்லாஹ் எந்த மூவரைச் சார்கிறாரோ அவர்கள் பக்கமே முடிவு. அதனை ஏற்க மனமில்லையெனில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் இருக்கும் பக்கம் முடிவு என்று கலீஃபா அவர்கள் முன்கூட்டியே விதித்தார்கள். அப்துல்லாஹ் ஆலோசனை கூறலாமேயன்றிப் பதவிக்கு உரியவராகார் என்பதும் அவ்விதியில் அடங்கும்.

யார் வாக்களிப்பது என்பதோடு நில்லாமல், வாக்கை எவ்வாறு எண்ணுவது, சமமாக நின்றால் எது செல்லும் என்பதையும் வாக்களிப்புக்கு முன்பே அறிவித்த முறை இது. எண்ணும் முறை ஏதோ எழுத்தர்களின் வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஒரே வாக்குகளை வேறு முறையில் எண்ணினால் வேறொருவர் ஆட்சிக்கு வருவார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்பதும், குறைந்த வாக்குப் பெற்றவர் ஆள்வதும் உலகில் பன்முறை நிகழ்ந்துள்ளன. அவற்றுள் நமக்கு மிக அருகில், நம் மொழி பேசுவோரின் வாழ்வையே புரட்டிப்போட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அதனைச் சொல்லுமுன், கணக்கின் இயல்பைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஓர் ஊரில் மூன்று மஹல்லாக்கள். ஒவ்வொன்றிலும் நூறு வாக்குகள். ஜமாஅத் தலைமைக்கு இருவர் போட்டியிடுகின்றனர். எந்த மஹல்லாவில் ஒருவர் முந்துகிறாரோ அந்த மஹல்லா முழுவதும் அவருக்கே என்பது விதி. முதலாமவர் மூன்று மஹல்லாக்களிலும் முறையே 51, 51, 10 வாக்குகள் பெறுகிறார். இரண்டாமவர் 49, 49, 90 பெறுகிறார். கூட்டிப் பார்த்தால் முதலாமவருக்கு 112, இரண்டாமவருக்கு 188. எனினும் இரண்டு மஹல்லாக்களை வென்ற முதலாமவரே தலைவர்! இதில் கள்ள வாக்கு ஏதுமில்லை, எண்ணிக்கையில் பிழையுமில்லை. இரண்டாமவரின் வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. 51 போதுமான இடத்தில் 90 விழுந்தது. எஞ்சிய 39 வாக்குகள் யாருக்கும் பயன்படாமற் போயின.

அமெரிக்காவில் நடப்பது இதுவே. அங்கு அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்கள்தோறும் ஒதுக்கப்பட்ட 538 தேர்வாளர்களே அவரைத் தேர்கின்றனர். மிகப் பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வாக்கால் முந்தினாலும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் முந்தியவருக்கே உரியவராவர். 2000-ஆம் ஆண்டில் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷை விட நாடு முழுவதும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஃபுளோரிடா மாநிலத்தை 537 வாக்குகளில் இழந்ததால், தேர்வாளர் கணக்கில் 266-க்கு 271 என்று தோற்றார். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் முந்தியும் டொனால்டு டிரம்ப்பிடம் தோற்றார். முற்காலத்தில் 1876-லும் 1888-லும் இவ்வாறே நிகழ்ந்தது. 1824-இல் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாமல், கூடுதல் வாக்குப் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விடுத்துப் பிரதிநிதிகள் அவை ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தது. 2000 அக்டோபரில் அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று புஷ்ஷுக்கு வாக்களிக்குமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டது என்பதை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. அதன்பின் 2001-இல் ஆப்கானிஸ்தானிலும் 2003-இல் இராக்கிலும் நடந்தவற்றை வாசகர் அறிவர். 537 வாக்குகள் என்பது ஒரு நடுத்தரப் பள்ளிவாசலின் ஜும்ஆக் கூட்டத்தை விடப் பெரிதன்று.

இது அமெரிக்காவின் விசித்திரம் என்று கருதுவது தவறு. நம் நாட்டிலும் தொகுதிவாரி முறையே உள்ளது. 1998 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் 25.8 விழுக்காடும் பாரதீய ஜனதா 25.6 விழுக்காடும் வாக்குப் பெற்றன. இடங்களோ முறையே 141, 182. அடுத்த ஆண்டில் வேறுபாடு மேலும் விரிந்தது: 28.3 விழுக்காடு பெற்ற காங்கிரஸுக்கு 114 இடங்கள், 23.8 விழுக்காடு பெற்ற பாரதீய ஜனதாவுக்கு மீண்டும் 182. தமிழகத்தில் 2006-இல் 32.6 விழுக்காடு வாக்குப் பெற்ற அ.தி.மு.க. 61 இடங்களுடன் ஆட்சியை இழந்தது, 26.5 விழுக்காடு பெற்ற தி.மு.க. 96 இடங்களுடன் ஆட்சி அமைத்தது.

இவ்வெண்களைக் காட்டி 'மக்கள் தீர்ப்பு திருடப்பட்டது' என்று முழங்குவது எளிது, ஆனால் நேர்மையன்று. 2006-இல் அ.தி.மு.க. 188 தொகுதிகளில் நின்றது, தி.மு.க. 132-இல் மட்டுமே நின்று, எஞ்சியவற்றைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. போட்டியிடாத தொகுதியில் வாக்கு எவ்வாறு விழும்? அணிக்கு அணி ஒப்பிட்டால் தி.மு.க. அணியே வாக்கிலும் முந்தியிருந்தது. 1999-லும் பாரதீய ஜனதா பல மாநிலங்களில் தோழமைக் கட்சிகளுக்கு இடம் விட்டு, காங்கிரஸை விட நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள் குறைவாகவே போட்டியிட்டது. ஆகவே கட்சியின் வாக்கை மட்டும் பார்ப்பது ஏமாற்றும்.

உண்மையான தலைகீழ் முடிவுக்கு 2018-இன் மத்தியப் பிரதேசத் தேர்தலைச் சொல்லலாம். அங்கு இரு கட்சிகளும் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் நேருக்கு நேர் மோதின. பாரதீய ஜனதா 41.02 விழுக்காடு பெற்று 109 இடங்களில் நின்றது, காங்கிரஸ் 40.89 விழுக்காடு பெற்று 114 இடங்களை அடைந்து ஆட்சி அமைத்தது. தமிழர் பெருமளவில் வாழும் மலேசியாவில் 2013 மே 5 அன்று நடந்த தேர்தல் இதனினும் கூர்மையானது. எதிரணியான மக்கள் கூட்டணி 50.9 விழுக்காடு வாக்குப் பெற்றது. ஆளும் தேசிய முன்னணி பெற்றது 47.4 விழுக்காடு. எனினும் 222 இடங்களில் 133 ஆளும் அணிக்கே கிடைத்தன. காரணம் தொகுதிகளின் அளவு. சிலாங்கூர் மாநிலத்தின் காப்பார் தொகுதியில் ஏறத்தாழ 1,44,000 வாக்காளர். அரசு ஊழியர் நகரான புத்ராஜெயாவில் ஏறத்தாழ 16,000 வாக்காளர். இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர். காப்பாரில் வாழ்ந்த ஒருவரின் வாக்கு புத்ராஜெயா வாக்கில் ஒன்பதில் ஒரு பங்கு எடை கொண்டதாயிற்று.

எல்லைக்கோடு அசைந்தால் வாக்கின் எடை அசைகிறது. எங்கள் திருவண்ணாமலையின் பெயர் தாங்கிய மக்களவைத் தொகுதி 1962 தேர்தலோடு மறைந்து, நாற்பதாண்டுகளுக்கு மேல் இவ்வூர் திருப்பத்தூர்த் தொகுதியோடு இணைந்திருந்து, 2009-இல் மீண்டும் தோன்றியது. ஊர் அதே இடத்தில்தான் இருந்தது, மலையும் நகரவில்லை. தன் வாக்கு யாருடைய வாக்குகளோடு கூட்டி எண்ணப்படுகிறது என்பது மட்டும் மாறியது. அதனை அப்போது எத்தனை பேர் கவனித்தோம்?

இனி இலங்கைக்கு வருவோம். 1970 மே 27 அன்று அங்கு நடந்த பொதுத் தேர்தலில், டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 18 இலட்சத்து 92 ஆயிரம் வாக்குகள், அதாவது 37.9 விழுக்காடு பெற்றது. நாட்டில் வேறெந்தக் கட்சியும் அத்தனை வாக்குப் பெறவில்லை. சிறீமாவோ பண்டாரநாயக்கவின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 18 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது 36.9 விழுக்காடு. இடங்களைப் பாருங்கள்: மொத்தம் 151-இல் சுதந்திரக் கட்சிக்கு 91, ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பதினேழு. சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் ஒருவரை ஒருவர் எதிர்க்காமல் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு நின்றதே காரணம். மூன்றின் இடங்களும் சேர்ந்து 116 ஆயின. வாக்கிலோ மூன்றும் சேர்ந்து பாதியைக்கூடத் தொடவில்லை. ஏறத்தாழ 49 விழுக்காடு.

அணியாகப் பார்த்தால் முந்தியது ஐக்கிய முன்னணியே. அது ஆட்சி அமைத்ததில் குறைகாண இடமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. பாதிக்கும் குறைவான வாக்கு, நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட இடமாக உருமாறியது. அவ்விடப் பெரும்பான்மையை மக்கள் முழுவதன் ஒப்புதலாகக் கொண்டு, நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்ற அவ்வரசு முனைந்தது.

சுதந்திரத்தின்போது இலங்கைக்கு அமைந்த சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு ஒன்று இருந்தது. எந்தவொரு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ மட்டும் தனிச்சலுகை தரும் சட்டத்தையோ, அவர்கள்மீது மட்டும் தடை விதிக்கும் சட்டத்தையோ நாடாளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் கருத்து. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிறித்தவருக்கும் எஞ்சியிருந்த எழுத்துபூர்வமான காப்பு அதுவே. 1970 ஜூலையில் நாடாளுமன்ற உறுப்பினர்களே அரசியல் நிர்ணய சபையாகக் கூடினர். தமிழரசுக் கட்சி முதலில் பங்கேற்றது. தன் திருத்தங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றபின் 1971 ஜூனில் வெளியேறியது. 1972 மே 22 அன்று புதிய குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 29-ஆம் பிரிவு மறைந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது அதுவரை சாதாரணச் சட்டமாக இருந்தது. இப்போது அரசியலமைப்பிலேயே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கப்பட்டது. இதனை முன்னின்று வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956-இல் தனிச் சிங்களச் சட்டத்தை மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர்! 1975-இல் முடியவேண்டிய அந்த அவையின் ஆயுளும் புதிய அரசியலமைப்பின் வழியே 1977 வரை நீண்டது.

அதே மே மாதத்தில் தமிழ்க் கட்சிகள் ஒன்றுகூடித் தமிழர் கூட்டணியைக் கண்டன. 1976-இல் அது வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் வந்த முப்பதாண்டுக் குருதிக்கு ஒரு தேர்தல் கணக்கே காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேர்கள் பல. ஆனால் 37 விழுக்காட்டுக் கட்சியின் தலைமையில் அமைந்த 49 விழுக்காட்டு அணிக்கு, நாட்டை உடைக்கவல்ல அதிகாரத்தை வழங்கியது அந்தக் கணக்கே. வாக்கின் விகிதத்திலேயே இடங்கள் கிடைத்திருப்பின், மூன்றில் இரண்டு பங்கைத் திரட்ட எதிர்த்தரப்போடும் சிறுபான்மையினரோடும் பேசித்தான் ஆகவேண்டியிருக்கும்.

1977 ஜூலையில் அலை திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 விழுக்காடு பெற்று 168-இல் 140 இடங்களை வாரிக்கொண்டது. ஏறத்தாழ முப்பது விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாக்கு குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி ஏழு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கோடு 18 இடங்கள் பெற்று, அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நம் மஹல்லாக் கணக்கை நினைவுகொள்க. குவிந்த வாக்கு சில வேளை வீணாகும். சிறு கட்சிக்கோ குவிந்திருப்பதே வாழ்வு. கெடுவது, நாடெங்கும் பரவிச் சிதறி வாழ்வோரின் வாக்கு. இலங்கை முஸ்லிம்களில் கிழக்கே வாழ்பவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். எஞ்சியோர் தெற்கிலும் மேற்கிலும் மலைநாட்டிலும் சிதறியிருப்பவர்.

பழைய முறையில் அவர்களுக்கு ஒரு சிறு வழி இருந்தது. கொழும்பு மத்தி, அக்குறணை, மூதூர், மட்டக்களப்பு போன்ற சில தொகுதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தேர்ந்தன. அங்கு வாக்காளருக்கு எத்தனை உறுப்பினரோ அத்தனை வாக்குகள். அவற்றை ஒருவருக்கே மொத்தமாகக் கொடுக்கவும் செய்யலாம். இதனால் தொகுதியில் சிறுபான்மையாய் இருந்தோரும் தம் வாக்கைத் திரட்டி ஒருவரை அனுப்ப முடிந்தது.

1978-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன கொண்டுவந்த அரசியலமைப்பு இரண்டையும் மாற்றியது: நாடாளுமன்றத்துக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம், ஆட்சித் தலைமைக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி. அம்மனிதரின் நோக்கம் நீதி என்று எவரும் நம்புவதில்லை; 1970-இல் தம் கட்சி பட்ட பாடு மறுபடி நேரக்கூடாது என்பதும், தாம் அசைக்க முடியாத அதிபராக வேண்டும் என்பதுமே நோக்கம் எனலாம். ஆயினும் தன்னலத்துக்காக வெட்டிய கால்வாயில் அயலார் வயலுக்கும் நீர் பாய்வதுண்டு. முதலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு இடமில்லை என்ற வெட்டுப்புள்ளி இருந்தது. 1988 ஜனாதிபதித் தேர்தலையொட்டி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் இதனை ஐந்து விழுக்காடாகக் குறைக்குமாறு பிரேமதாசவிடம் வாதாடினார். அவ்வாண்டு டிசம்பரில் 15-ஆம் திருத்தமாக அது நிறைவேறியது. 1989 பிப்ரவரித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 3.6 விழுக்காட்டு வாக்கோடு நான்கு இடங்களைப் பெற்றது. எண்ணும் விதியில் ஏழரை விழுக்காட்டு மாற்றம் ஒரு சமூகத்தின் அரசியல் முகவரியாக ஆனது. விகிதாசாரம் வந்தால் யாவும் நேராகிவிடும் என்றும் கொள்ளற்க. அம்முறையின் கீழேயே 2024 நவம்பரில் 61.6 விழுக்காடு பெற்ற தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடங்களை அடைந்தது. அம்மாதம் பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இடம்பெறவில்லை.

ஜனாதிபதித் தேர்தலில் இன்னொரு நுட்பம் உண்டு. நாடு முழுவதும் ஒரே தொகுதி. ஆதலால் அமெரிக்க விபத்து அங்கு நேராது. எவரும் பாதிக்கு மேல் பெறாவிடின், முதலிருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரின் வாக்காளர் இட்ட இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணுவர். 1982 முதல் எட்டுத் தேர்தல்களில் இதற்கு வேலை நேரவில்லை. 2024 செப்டம்பர் 21 தேர்தலில்தான் முதன்முறையாக அது தேவைப்பட்டது: 42.3 விழுக்காடு பெற்ற அனுர குமார திசாநாயக்க, 32.8 விழுக்காடு பெற்ற சஜித் பிரேமதாச இருவருக்கிடையே இரண்டாம் எண்ணிக்கை நடந்து, முந்தியிருந்தவரே வென்றார். பிந்தியிருந்தவர் வென்றிருந்தாலும் அது அநீதியாகாது. 'யாருக்கு முதல் விருப்பம் மிகுதி?' என்பது ஒரு கேள்வி. 'எவரைப் பெரும்பாலோர் ஏற்பர்?' என்பது மற்றொரு கேள்வி. எக்கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். உமர் (ரலி) அவர்கள் செய்தது அதுவே.

நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபையிலும் இவ்விவாதம் எழுந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் 1947 ஆகஸ்டிலும், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் 1949 மேயிலும் தனித்தொகுதி முறையை வேண்டியதும், அது தோற்றதும் நம்மவர் அறிந்தது. ஆனால் 1949 ஜனவரி 4 அன்று காஜி சையத் கரீமுத்தீன் முன்மொழிந்த திருத்தம் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. அவர் கேட்டது தனித்தொகுதி அன்று. பல உறுப்பினர் கொண்ட தொகுதிகளில், வாக்காளர் தம் வாக்குகளைத் திரட்டி ஒருவருக்கே அளிக்கும் வசதியோடு கூடிய விகிதாசார முறையையே அவர் வேண்டினார். சமயத்தின் பெயரால் வாக்காளரைப் பிரிக்காமலே சிறுபான்மைக்கு, அது எந்தச் சிறுபான்மையாயினும், குரல் தரும் ஏற்பாடு அது. கொழும்பு மத்தியில் நடந்ததற்கு மிக நெருங்கியது. அம்பேத்கர் மறுத்தார். எண்களையேனும் அறிந்த எழுத்தறிவு மக்களிடம் பரவியிராத நாட்டுக்கு அம்முறை பொருந்தாது, அவையில் கட்சிகள் சிதறி அரசு நிலைகொள்ளாது என்பன அவர் கூறிய காரணங்கள். அன்றைய நிலையில் முதற்காரணம் வலுவானதே. இன்று அது நிற்குமா என்பது ஐயமே. இரண்டாவதற்கு இன்றும் வலு உண்டு.

எளிய வாக்காளருக்குக் கடினம் என்று விலக்கப்பட்ட விருப்பு வாக்கு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. குடியரசுத் தலைவரை அம்முறையிலேயே தேர்கிறோம். 1969-இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 மதிப்புள்ள வாக்குகள் பெற்றும் தேவையான அளவை எட்டாமல், இரண்டாம் விருப்பங்களையும் சேர்த்து 4,20,077 பெற்ற பின்னரே நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். அத்தேர்தலில் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு 176 மதிப்பு, உத்தரப் பிரதேசத்தவருக்கு 208, சிக்கிமில் ஏழு என்ற இன்றைய கணக்கு 1971-இன் மக்கள்தொகையில் நிறுத்தி வைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்ட மாநிலங்களின் எடை குறையலாகாது என்பதற்காக, 2001-இல் 84-ஆம் திருத்தம் அதனை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மாநிலங்களவைக்கும் விருப்பு வாக்கே. தமிழகத்திலிருந்து ஆறு இடங்களுக்குத் தேர்தல் வரும்போது, 234 உறுப்பினரில் 34 பேரின் ஆதரவைத் திரட்டிய எந்தத் தரப்பும் ஓர் இடத்தைப் பெற்றுவிடுகிறது. எஞ்சிய இருநூறு பேர் ஒன்றுசேர்ந்தாலும் அதனைத் தடுக்க இயலாது.